தாத்தா சொன்னாங்க

அந்த வேலைக்கு விண்ணப்பித்தபோது வீட்டில் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தேன். யாரிடமும் சொல்லி வைக்கக் கூடாது.

அப்பா அப்போதுதான் வேலை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றிக் கதிரையின் முதுகில் போட்டுக்கொண்டிருந்தார். "சரிம்மா, சொல்லல" என்றார். அத்தனை இலகுவாக அவர் ஒத்துக்கொண்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

எங்கள் ஊரில் ஒரு பிள்ளை நேர்முகத் தேர்வுக்குப் போகிறதென்றால், பிள்ளைக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்பதில்லை. அங்கே நமக்கு யாரைத் தெரியும் என்று கேட்பார்கள். தெரிந்தவர் ஒருவர் அகப்பட்டால் போய்ப் பார்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டு வருவார்கள். அதுதான் சொல்லி வைப்பது. பாடசாலை அனுமதிக்குச் சொல்லி வைப்பார்கள். இடமாற்றத்துக்குச் சொல்லி வைப்பார்கள். ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குக்கூடச் சொல்லி வைப்பார்கள். அப்பா ஓர் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞர். அந்த வேலையே யாரோ சொல்லி வைத்துக் கிடைத்ததுதான் என்று அவரே பலரிடம் சொல்லியிருக்கிறார். அதில் அவருக்கு வெட்கம் இருந்ததில்லை. நமக்காக ஒருவர் வாய் திறந்தார் என்பதில் அவருக்கு ஒரு பெருமை.

எனக்கு அது வேண்டாம் என்று இருந்தது. நான் இலத்திரனியலில் டிப்ளோமா முடித்தவள். முடித்த பிறகு கண்டி நகரத்தில் ஒரு கணினிக் கடையில் பிரின்டர் மை விற்றுக்கொண்டிருந்தேன். பழுதான இயந்திரங்கள் கடைக்கு வரும். நான் வாங்கிப் பற்றுச்சீட்டு எழுதுவேன். அவை பின்னறைக்குப் போகும். பின்னறையில் பையன்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் அடிக்கடி வெளியே வந்து, இன்ன பழுதுக்கு என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்டுவிட்டு உள்ளே போவார். திருத்திய கூலி பின்னறைக்குப் போகும்.

அந்த வேலையும் அப்பா சொல்லி வைத்துக் கிடைத்ததுதான்.

புதிய வேலையின் விளம்பரம் பேப்பரில் வந்திருந்தது. வைத்தியசாலைகளுக்கும் ஆய்வுகூடங்களுக்கும் இயந்திரங்களை விற்று, பழுதானால் போய்த் திருத்திக் கொடுக்கும் ஒரு கம்பனி. கொழும்பு வீதியில், பிலிமத்தலாவைக்குக் கொஞ்சம் முன்னால். களத்தில் போய் வேலை செய்யத் தொழில்நுட்பவியலாளர் ஒருவர் தேவை. மலைநாட்டுத் தோட்டப் பகுதிகளுக்கும் பயணம் செய்ய வேண்டும். தமிழ் தெரிந்திருந்தால் நல்லது. படித்து முடித்தபோது என் பெயரை மட்டும் போடாமல் விட்டிருக்கிறார்கள் என்று தோன்றியது.

நான் எதையும் பட்டியல் போட்டுச் செய்கிறவள். கேட்கக்கூடிய கேள்விகளை ஒரு பக்கத்திலும், அவர்கள் விற்கும் இயந்திரங்களை இன்னொரு பக்கத்திலும் எழுதினேன். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் கீழே, அது வேலை செய்யாவிட்டால் முதலில் எதைப் பார்க்க வேண்டும், பிறகு எதை என்று வரிசைப்படுத்தினேன். உடை, சப்பாத்து, சான்றிதழ்களின் பிரதிகள், காலையில் பிடிக்க வேண்டிய பஸ், அது வராவிட்டால் பிடிக்க வேண்டிய பஸ். எல்லாம் எழுதி முடித்தபோது ஒன்று மட்டும் குறைந்தது. எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்க ஓர் ஆள் வேண்டும். தாத்தாவிடம் போனேன்.

தாத்தா என்றால் என் பாட்டனார் அல்லர். என் பாட்டன்மார் இருவரும் நான் பிறப்பதற்கு முன்பே காலமாகிவிட்டார்கள். இந்தத் தாத்தா என்னோடு டிப்ளோமா படித்த தோழி, என்னைவிட மூத்தவள். முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்று அழைப்பார்கள். முதல் முறை நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது அவளுடைய தங்கைகள் வாசலில் நின்று, "தாத்தா வாறா! தாத்தா வாறா!" என்று கத்தினார்கள். ஒரு முதியவர் வரப்போகிறார் என்று நினைத்து மரியாதையாக எழுந்து நின்றேன். உள்ளே வந்தது இவள், கையில் ஒரு கோழியோடு. அன்றைக்கு அவர்கள் சிரித்த சிரிப்பில் அந்தப் பெயர் என் வாயிலும் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து எனக்குத் தாத்தா என்றால் அவள் ஒருத்திதான்.

அவர்களுக்குப் பிலிமத்தலாவையில் ஒரு ஹார்ட்வெயார் கடை. அவளுடைய வாப்பா தொழுகைக்குப் போகும் நேரங்களில் அவள்தான் கல்லாவில் இருப்பாள். கடையின் பின்பக்கத்தில் பெயின்ட் டின்களுக்கு நடுவே இரண்டு கதிரைகளைப் போட்டு எனக்கு நேர்முகத் தேர்வு நடத்தினாள். மூக்குக் கண்ணாடியை நுனிக்குத் தள்ளிக்கொண்டு, "வாங்க மிஸ், உக்காருங்க. உங்களப் பத்தி சொல்லுங்க" என்றாள்.

நான் ஆரம்பித்தேன்.

"சத்தமா. பெயின்ட் டின்னுக்கே கேக்கல்ல."

மறுபடியும் ஆரம்பித்தேன்.

"மிஸ், நீங்க மெஷின் திருத்திட்டு ஈக்கக்குள்ள டொக்டர் வந்து ஏசுறாரு. என்ன செய்வீங்க?"

"பொறுமையா விளக்குவேன்."

"பொய். அழுவீங்க."

"அழ மாட்டேன்."

"அப்ப ஏன் இப்பவே மூக்கு செவக்குது?"

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "நீ ரொம்ப அமைதிடி. அங்க போயும் இப்பிடி இருந்தா, பாவம் நல்ல புள்ளன்னு சொல்லிட்டு வேலய வேற ஒருத்தனுக்குக் குடுப்பானுகள். கேள்வி கேட்டா அவன்ட கண்ணப் பாத்துப் பதில் சொல்லு."

சாரி கட்ட வேண்டாம், காற்சட்டையும் நீளக் கைச் சட்டையும் போடு என்றதும் அவள்தான். "சாரியோட போனா ரிசப்ஷன்ல பூச்சாடிக்குப் பக்கத்துல இருத்தி வெச்சிருவானுகள்."

கிளம்பும்போது, "எங்கட வாப்பாவுக்கு அந்தக் கம்பனில ஆள் தெரியும். ஆணி, வயர் எல்லாம் எங்ககிட்டதான் எடுக்கிறாங்க. ஒரு வார்த்த சொல்லி வைக்கச் சொல்லவா?" என்று கேட்டாள்.

"வேணாம்."

"சும்மா ஒரு வார்த்த."

"தாத்தா, வேணாம்னா வேணாம்."

"சரி, சரி. மகாராணி தனியாவே போயிக் கோட்டையப் புடிக்கட்டும்."

வீட்டிலும் ஒரு நேர்முகத் தேர்வு நடந்தது. அதை நான் அப்போது அப்படி நினைக்கவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது அப்பா ஒவ்வொன்றாகக் கேட்டார். எங்கெல்லாம் போக வேண்டிவரும்? வேனில் இன்னும் யார் இருப்பார்கள்? வேலை முடியாவிட்டால் இரவு எங்கே தங்குவது? நான் சந்தோஷமாகப் பதில் சொன்னேன். பன்வில பக்கத்துத் தோட்ட மருந்தகங்களுக்குப் போக வேண்டியிருக்கும், சில இடங்களில் ஒரு நாளில் முடியாது, கம்பனியே தங்குமிடம் ஏற்பாடு செய்யும் என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் விபரமாகச் சொன்னேன். என் வேலையைப் பற்றி அவர் இவ்வளவு நேரம் கேட்டது அதுதான் முதல் முறை. அவர் சோற்றைப் பிசைந்தபடி தலையாட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் தொழுகை நேரத்தில் போய், எங்கள் அப்பா மாதிரி ஆள் கிடையாது என்று தாத்தாவிடம் சொன்னேன்.

அம்மாவோடு சாரி விடயத்தில்தான் தகராறு. "அந்த நீலச் சாரியே கட்டு. ஒபிஸ் வேலைக்கு அதுதான் அழகு" என்றாள்.

"ஒபிஸ் வேலை இல்லம்மா. மெஷின் திருத்துற வேலை."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா, "அவ விரும்புறதப் போடட்டும்" என்றார். எனக்காகப் பேசுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

முந்தைய நாள் பின்னேரம் என் கறுப்புச் சப்பாத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, பொலிஷ் இல்லை, வாங்கி வருகிறேன் என்று அப்பா வெளியே போனார். திரும்பி வர நேரமானது. அந்த நிறம் எங்கேயும் இல்லை, அலைந்து வாங்கினேன் என்றார். கறுப்புப் பொலிஷ் எந்தக் கடையில் இல்லாமல் போகும் என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. அவர் சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டு, பழைய பெனியன் துணியால் மூக்குப் பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்து மினுக்கினார். எதிரில் உட்கார்ந்து பட்டியலைக் கடைசித் தடவையாகப் படித்தேன்.

அந்த நேர்முகத் தேர்வைப் பற்றி நான் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் பிரதம பொறியியலாளர். அவர்தான் கேள்விகளைக் கேட்டார், பாதி ஆங்கிலத்தில், பாதி சிங்களத்தில். ஒரு பெண் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் வயதான ஒருவர் என் சான்றிதழ்களை மெதுவாகப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் நிர்வாக முகாமையாளர். நான் கண்களைப் பார்த்துத்தான் பதில் சொன்னேன். குரல் எனக்கே கணீரென்று கேட்டது.

பிறகு பொறியியலாளர் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார். இரத்த மாதிரிக் குழாய்களைச் சுழற்றும் சிறிய இயந்திரம் ஒன்று மேசையில் இருந்தது. "இது ஓடவில்லை. ஏன் என்று சொல்லுங்கள்" என்றார். பட்டியலில் இருந்த வரிசைப்படியே போனேன். மின்சாரம் வருகிறது. ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. அடுத்தது மூடி. அந்த வகை இயந்திரங்களில் மூடிக்குக் கீழே ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். மூடி சரியாக மூடியிருப்பதாக அது உணர்ந்தால்தான் இயந்திரம் சுழலும். மூடியைத் திறந்து விரலால் தடவிப் பார்த்தேன். சுவிட்சின் மெல்லிய தகடு வளைந்துபோய், மூடியை மூடினாலும் தொடாமல் நின்றது. நிமிர்த்தி மூடினேன். சுழன்றது.

பொறியியலாளர் சத்தமாகவே சிரித்தார். "காலையில் வந்தவர் மோட்டரைக் கழற்றிவிட்டார்" என்று சிங்களத்தில் சொன்னார். மலைப் பயணம் பற்றிக் கேட்டார். இரவு தங்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தியது போலிருந்தது. சரி, அறிவிப்போம் என்றார்.

கதவு வரை என்னோடு வந்தவர் அந்த நிர்வாக முகாமையாளர். அதுவரை ஒன்றும் பேசாமல் இருந்தவர், நடையில் நின்று, தனக்கும் தமிழ் வரும் என்று காட்டும் ஆசையோடு தமிழில் பேசினார். முகத்தில் நல்ல கனிவு இருந்தது.

"மிஸ், தாத்தா எல்லாம் சொன்னாங்க. நீங்க ரொம்ப அஹிங்சக புள்ள. ராவைக்கு மலைல வேல, கஷ்டம்தானே? பயம் வேணாம். நாங்க உள்ளுக்கு ஒரு நல்ல எடம் பாக்குறம்."

"தேங்க்ஸ் சேர்" என்றேன். வாய் தானாகச் சொன்னது. வீதிக்கு வந்த பிறகுதான் அந்த வார்த்தைகள் ஒவ்வொன்றாக உள்ளே இறங்கின.

அஹிங்சக என்பது சிங்களத்தில் ஏச்சு அல்ல. நல்ல சொல்தான். கடிக்காத நாயை அப்படிச் சொல்வார்கள். யார் எது சொன்னாலும் பதில் பேசாத மருமகளை அப்படிச் சொல்வார்கள். அன்போடு, கொஞ்சம் பாவப்பட்டு, தலையைச் சாய்த்துச் சொல்வார்கள். ஆனால் கருவிப் பையோடு மலைக்கு அனுப்ப ஆள் தேடுகிறவரிடம் ஒரு பெண்ணைப் பற்றி அந்தச் சொல்லைச் சொன்னால், பிறகு அவள் எந்த இயந்திரத்தைச் சுழல வைத்தும் பயனில்லை.

அதைச் சொன்னது தாத்தா.

காரணங்கள் வரிசையாக வந்து நின்றன. கம்பனியில் ஆள் தெரியும் என்றது அவள். நான் ரொம்ப அமைதி என்றது அவள். பாவம் நல்ல புள்ள என்ற வார்த்தையைக்கூட அவள் வாயிலிருந்தே கேட்டிருந்தேன். நான் வேண்டாம் என்றதைச் சட்டை செய்யாமல் வாப்பா மூலம் நல்லது செய்யப் போய் இப்படிக் கெடுத்திருக்கிறாள். ஒருவேளை நல்லது செய்யவும் போயிருக்கமாட்டாள். அவளும் அதே டிப்ளோமாவை முடித்துவிட்டு ஆணி நிறுத்துக்கொண்டிருப்பவள்தானே. அந்த எண்ணமும் வந்தது.

கடை அங்கிருந்து நடக்கும் தூரம். அவள் யாருக்கோ சங்கிலி அளந்து வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்து, "புடிச்சிட்டியா கோட்டைய?" என்றாள்.

வாடிக்கையாளர் போகும்வரை நின்றேன். பிறகு கேட்டேன். "தாத்தா, என்னப் பத்தி அங்க என்னா சொல்லி வெச்சீங்க?"

"என்னது?"

"மலைக்கு அனுப்ப ஏலாது, ரொம்ப அஹிங்சகன்னு. அந்த மெனேஜர் என் மொகத்துக்கு நேராவே சொல்லிட்டார். தாத்தா சொன்னாங்கன்னு."

"ஒனக்கு மூள ஈக்கா? எனக்கு அந்த ஆளத் தெரியவும் தெரியா."

"உங்க வாப்பாவுக்குத் தெரியுமே."

அவள் கையிலிருந்த சங்கிலித் துண்டு கல்லாவின்மேல் விழுந்தது. "எங்கட வாப்பாவையும் இழுக்கிறியா? நீ வேணாமுன்ன பொறகு நான் வாய் தொறப்பனா? ஒன்னப் பத்தி நான் ஏன்டி அஹிங்சகன்னு சொல்லப் போறேன்? நீயா அஹிங்சக? இப்ப நடுக்கடையில நின்டு என்னக் கொல்லுறியே, இதுவா அஹிங்சக?"

பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அவள் அந்த அண்ணனைப் பார்த்து, "ஒன்டுமில்ல நானா, சும்மா" என்றாள். குரல் உடைந்திருந்தது. நான் திரும்பிப் போகப் பார்த்தேன்.

"நில்லு. அந்த ஆள் சொன்னத ஒரு எழுத்து விடாம சொல்லு."

சொன்னேன்.

"தமிழ்லயா சொன்னான்?"

"ஆமா."

"தமிழனா?"

"இல்ல. சிங்களம். தமிழ் பேசத் தெரியும்னு காட்டுறதுக்காக..."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் அவள் முகத்தைவிட்டுப் போய், வேறு ஏதோ வந்தது. அது இரக்கம் என்று எனக்குப் புரிய ஒரு கணம் எடுத்தது.

"அடியே," என்றாள் மெதுவாக, "சிங்களத்துல தாத்தான்னா யாரு?"

நான் கண்டியில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கத்துச் சிங்களப் பிள்ளைகள் பின்னேரத்தில் வாசல் கேட்டருகே ஓடிப்போய், "தாத்தா, தாத்தா" என்று தங்கள் அப்பாவைக் கட்டிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தவள். அந்த மனிதர் முழு வசனத்தையும் சிங்களத்தில் சொல்லியிருந்தால் நான் அந்த இடத்திலேயே விளங்கிக்கொண்டிருப்பேன். அவர் மரியாதைக்குத் தமிழில் பேசினார். அவருக்குத் தெரிந்த தமிழில் அப்பா என்ற சொல் கிடைக்காமல் தன்னுடைய சொல்லைப் போட்டுக்கொண்டார். என் காது தமிழுக்குத் திறந்திருந்ததால், எனக்குத் தெரிந்த ஒரே தாத்தாவைப் போய்ப் பிடித்தது.

தாத்தா ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். "உக்காரு. தண்ணி குடி. என்ன நெனச்சதுக்கு ஒன்னப் பொறகு கவனிச்சிக்கிறேன்."

வீட்டுக்குப் போனபோது அப்பா வாசலிலேயே நின்றார். "எப்படிம்மா? நல்லாச் செஞ்சியா?" முகத்தில் உண்மையான ஆவல் இருந்தது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டேன். "நீங்க யாரையாவது போய்ப் பாத்தீங்களாப்பா?"

அவர் மறைக்கவில்லை. மறைக்க ஒன்றும் இருப்பதாக அவர் நினைக்கவுமில்லை. "ஆமா. அங்க மெனேஜரா இருக்காரே, அவரு முந்தி எங்க ஒபிஸ்ல இருந்தவரு. பெரச்சினையில்லாத மனுசன். அன்னைக்கு பொலிஷ் வாங்கப் போனேன்ல, அப்ப அவரு வீட்டுக்கும் ஒரு எட்டுப் போயிட்டு வந்தேன்."

"சொல்லலன்னு சொன்னீங்களே."

"நீ என்னா சொன்ன? சொல்லி வைக்க வேணாம்ன. சொல்லி வைக்கிறதுன்னா சிபாரிசுதானே. நான் சிபாரிசு பண்ணவே இல்லியே. வேல குடுங்கன்னு ஒரு வார்த்த நான் கேக்கல. என் புள்ளைக்குத் தெறம இருக்கு, அத நீங்களே பாத்துக்கங்க. ஆனா வெளிய அனுப்பாதீங்க, உள்ளுக்கு ஒரு மேசைல போடுங்கன்னுதான் சொன்னேன்."

ஒரு கோப்பில் இருக்கும் நிபந்தனையைப் படிப்பதுபோல என் நிபந்தனையைப் படித்து, அதில் எழுதப்படாத இடத்தால் நுழைந்து போயிருக்கிறார். இத்தனை வருட அலுவலக வேலையில் கற்றுக்கொண்டது அது.

"அஹிங்சகன்னு சொன்னீங்களா?"

"நல்ல வார்த்ததானே? நீ யாரோட சண்டைக்குப் போன? படிக்கிற காலத்துல ஒரு டீச்சர் ஒன்னப் பத்திக் கொற சொல்லியிருக்கா? அதத்தான் சொன்னேன்."

"அந்த வேலைக்கு நான் வேணும்னு அவங்க நெனைக்கிற மாதிரி செஞ்சேம்ப்பா. மெஷின் ஓடிச்சு."

"அப்பறம் என்னா? வேல கெடைக்கும்."

"எந்த வேல?"

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா குசினி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "ராவுல வேன்ல நாலு ஆம்பளைங்களோட போறேன்னு நீ சோத்துத் தட்டுக்கு முன்னால உக்காந்து சிரிச்சிச் சிரிச்சிச் சொல்லுற," என்றாள் அம்மா. "அன்னைக்கு அவரு தூங்கல. தெரியுமா ஒனக்கு?"

ஆக, அவளுக்கும் தெரியும். நீலச் சாரி ஏன் என்பது அப்போது விளங்கியது. அவளைப் பொறுத்தவரை நான் முதல் நாளிலிருந்தே ஒபிஸ் வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். நான் மட்டும்தான் வேறு ஒரு வேலைக்குப் போவதாக நினைத்துத் தயாராகிக்கொண்டிருந்தேன்.

நான் கத்தவில்லை, அழவுமில்லை. "போக வேணாம்னு எங்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் கேட்டேன்.

"சொன்னா நீ கேப்பியா?" என்றார் அப்பா.

அந்தக் கேள்விக்குள்ளேயே எல்லாம் இருந்தது. என்னைப் பற்றி வெளியே அஹிங்சக என்று சொன்னவருக்கு நான் அப்படி இல்லை என்று நன்றாகத் தெரியும். அது தெரிந்ததால்தான் என்னிடம் வராமல் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார்.

மறுநாள் கணினிக் கடையின் மதிய இடைவேளையில் பிரதம பொறியியலாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். சொல்ல வேண்டியதை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன். எழுதியதை வாசிக்கிறேன் என்று தெரியாதபடி சிங்களத்தில் பேசினேன். அப்பா பேசியது எனக்குத் தெரியாது. அது என் விருப்பம் அல்ல. நான் விண்ணப்பித்த வேலைக்கு நான் தயார், மலைக்கும் இரவுக்கும் சேர்த்து என்றேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "மிஸ், உங்களுக்கு வேலை தெரியும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை" என்றார். "ஆனால் நாளைக்கு நீங்கள் மலையில் நிற்கும்போது உங்கள் அப்பா எனக்கு டெலிபோன் கோல் எடுப்பார். முகாமையாளர் வீட்டுக்குப் போவார். உங்களை இடையில் திருப்பி அழைக்க வேண்டி வந்தால், அங்கே பழுதான இயந்திரத்தோடு நிற்கும் வைத்தியசாலைக்கு நான் என்ன பதில் சொல்வது?"

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அப்பா அப்படிச் செய்யமாட்டார் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. அவருக்காக நான் எந்த உறுதியும் கொடுக்க முடியாத நிலையில் இருந்தேன். அது புதிய நிலை. அதற்கு முந்தைய நாள் காலைவரை யார் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

அந்த வாரமே கம்பனியிலிருந்து கோல் வந்தது. பழுதுபற்றி அறிவிக்கும் அழைப்புகளைப் பதிவு செய்கிற மேசை. தமிழ் அழைப்புகளுக்கு ஆள் இல்லையாம். யார் எங்கே போக வேண்டும் என்று நான் எழுதிக்கொடுக்க, வேனில் மற்றவர்கள் போவார்கள். நன்றி சொல்லி, வேண்டாம் என்றேன். ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போக நான் அத்தனை பக்கம் எழுதியிருக்கவில்லை.

அப்பாவுக்கு அது பெரிய அடி. என்னோடு சில நாட்கள் பேசவில்லை. வீட்டுக்கு வந்த உறவினர்களிடம், "நான் அவ்வளவு சொல்லி வெச்சுக் கெடச்ச வேல. வேணாம்னுட்டா. இந்தக் காலத்துப் புள்ளைங்க" என்று மனம் நொந்து சொன்னார். ஏன் வேண்டாம் என்றாய் என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தேன்.

தாத்தா சொன்னபடியே என்னைப் "பிறகு கவனித்துக்கொண்டாள்". கொஞ்ச நாள் என்னைக் காணும்போதெல்லாம், "வாங்க பொலிஸ், இன்டைக்கு யாரப் புடிக்க வந்தீங்க?" என்பாள். அதோடு விட்டாள். அவளை அப்படி நினைத்தது எனக்குள் இன்னும் கிடக்கிறது. அதையும் அப்பாவின் கணக்கில்தான் எழுத வேண்டியிருக்கிறது.

சில மாதங்கள் கழித்து குருநாகலில் இதே போன்ற ஒரு கம்பனியிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. மீண்டும் பட்டியல் எழுதினேன், கடையின் இடைவேளைகளில், விலைப்பட்டியல்களின் பின்பக்கத்தில். கேள்வி கேட்கப் பெயின்ட் டின்களுக்கு நடுவே தாத்தா இருந்தாள். கறுப்புப் பொலிஷை நானே வாங்கினேன். முதல் கடையிலேயே இருந்தது.

தேர்வுக்குப் போகும் நாள் காலை அப்பா வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் காற்சட்டையோடு, கோப்பைத் துணிப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். பார்வை என் சப்பாத்தில் ஒரு கணம் நின்றது.

"எங்கம்மா, காலங்காத்தால?"

முன்பெல்லாம் எந்தப் பஸ், எந்த வேலை, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று அவர் கேட்காமலே சொல்லிவிட்டுப் போகிறவள் நான்.

"தாத்தா வீட்டுக்குப்பா" என்றேன்.

"கவனமாப் போயிட்டு வா" என்று சொல்லிவிட்டு, அப்பா பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.